படகுக்குப் போட்ட மாலை

எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. என் வழியிலும் அந்தப் பழக்கம் இல்லை, என் மனைவி வழியிலும் இல்லை. கடையில் கேக் வாங்கினால்கூட முட்டை போட்டிருக்கிறதா என்று டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படிக்கிற குடும்பம். அப்படிப்பட்ட நான் மீன் பிடிக்கிற படகு ஒன்றை வாங்கி, டெக்ஸாஸில் எங்கள் சுகர் லேண்ட் வீட்டின் கராஜுக்குள் நிறுத்தினேன். படகை வெளியே நிறுத்தினால் குடியிருப்புச் சங்கத்துக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள் என்பதால் கார் வெயிலில் காய்ந்தது, படகு நிழலில் இருந்தது. அதுவும் அடக்கமான படகா என்றால் இல்லை. ரத்தச் சிவப்பு, அதற்குள் ஜிகினாப் பொடி கலந்த பெயின்ட். கராஜ் கதவைத் திறந்தால் எதிர் வீட்டுக்காரருக்குக் கண் கூசும். தமிழ்க்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் என் மனைவியிடம் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: “உங்க வீட்டுக்காரருக்கு என்னாச்சு?”

அவள் என்ன சொல்வாள், பாவம். “அவருக்கு அதுல ஒரு இது” என்று சிரித்து மழுப்புவாள். வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கச்சேரி நடக்கும்.

“பிடிக்கிறீங்க, பார்க்கறீங்க, திரும்ப விட்டுடறீங்க. இதுக்கு எதுக்குங்க படகு? சாப்பிடறவன் பிடிக்கிறான்னா அர்த்தம் இருக்கு.”

தொண்ணூறுகளின் பின்பாதி அது. ஆபீஸில் பக்கத்து இருக்கைக்காரர், உள்ளூர் டெக்ஸாஸ்காரர், ஒரு சனிக்கிழமை என்னை வடக்கே உள்ள பெரிய ஏரிக்கு அழைத்துப்போனார். அவர்கள் பிடிப்பது பாஸ் என்கிற மீன். பச்சை உடம்பு, முகத்தைவிடப் பெரிய வாய். பிடித்து, ஒரு நிமிடம் தூக்கிப் பார்த்து, திரும்ப ஏரியிலேயே விட்டுவிடுவார்கள். என் கையில் ஒரு தூண்டில் கோலைக் கொடுத்தார். தூண்டில் நரம்பு சுண்டியது, கோல் வளைந்தது, என் மார்புக்குள் என்னவோ ஆயிற்று. அவ்வளவுதான், ஆள் அவுட். அந்த ஏரியில் இன்னொரு சுகமும் இருந்தது. கிரீன் கார்ட் எந்த நிலையில் இருக்கிறது, எந்த ஸ்கூல் பக்கம் வீடு வாங்கப் போகிறீர்கள் என்று ஒரு ஜீவன் கேட்காது. எங்கள் ஊர்க்காரர்கள் பார்ட்டியில் அதை விட்டால் வேறு பேச்சு உண்டா?

வெறி பிடித்தால் எனக்கு முழுசாகப் பிடிக்கும். தூண்டில் சாமான் பெட்டி ஒன்று வாங்கினேன். அது இரண்டாயிற்று, பிறகு அலமாரி நிறைந்தது. ரப்பர் புழு மட்டும் எத்தனை நிறம்! ஊதா, கரும்பச்சை, தர்பூசணிச் சிவப்பு. மீனுக்கு வாசனை பிடிக்கும் என்று அதில் பூண்டு மணம் வேறு ஏற்றியிருப்பான். “நம்ம வீட்டு ரசத்துக்கே நான் இவ்வளவு பூண்டு போட்டதில்ல” என்று மூக்கைப் பொத்திக்கொள்வாள் மனைவி. பெட்டிக்கு அவள் வைத்த பெயர், உங்க அஞ்சறைப் பெட்டி.

பருவத்துக்கு ஒரு வித்தை என்பதையும் கற்றுக்கொண்டேன். வசந்தத்தில் பாஸ் முட்டையிடக் கரையோரம் ஏறிவரும். புழுவை அதன் மூக்குக்கு முன்னால் போட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். கோடையில் விடியற்காலை விட்டால் சாயங்காலம்தான். நடுப்பகலில் ஆழத்தில் போய்ப் படுத்துவிடும். குளிரில் அதற்கு மகா சோம்பல். ஆனால் ஏரித் தண்ணீர் ஆறத் தொடங்குகிற அக்டோபர் இருக்கிறதே, அதுதான் திருவிழா. பொடி மீன்கள் கூட்டம் கூட்டமாக ஓடைகளுக்குள் நுழையும், பாஸ் அவற்றைத் துரத்திக்கொண்டு பின்னாலேயே வரும். தகடு சுழல்கிற தூண்டிலை வீசி வேகமாக இழுத்தால், ஒன்றன்பின் ஒன்றாகப் பாயும்.

அந்த அக்டோபர் பெரும்பாலும் நவராத்திரியில் வந்து விழும். அங்கேதான் எங்கள் வீட்டில் வினை.

மனைவி டிபெண்டன்ட் விசாவில் வந்தவள். படித்த படிப்புக்கு அங்கே வேலைக்குப் போக முடியாது. வாரம் முழுக்க நான்கு சுவர். நான் வீட்டுக்கு வருவதற்குள் இருட்டிவிடும். சனி ஞாயிறுதான் அவளுக்கென்று நான் கிடைக்கிற நாள். அதை நான் ஏரியில் கரைத்துக்கொண்டிருந்தேன். கொலு பார்க்க வீடு வீடாகப் போக வேண்டிய சனிக்கிழமைகளில் மற்ற ஆண்கள் மனைவியோடு வந்து இறங்குவார்கள். இவள் யாராவது ஒரு ஆன்ட்டியின் காரில் பின்சீட்டில் ஏறிக்கொண்டு போவாள். “சார் வரலையா?” “ஏரிக்குப் போயிருக்கார்.” ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இந்தப் பதிலை அவள் சொல்லியாக வேண்டும்.

“நீயும் வாயேன்” என்று நான் கூப்பிடாமல் இல்லை. கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

“எனக்கு நீச்சல் தெரியாது. அங்க வந்து நான் என்ன பண்றது? உங்க புழுவைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கவா?”

விடியற்காலையில் ஏரி மேல் புகை எழும்பும். மோட்டாரை அணைத்துவிட்டால் சத்தமே இருக்காது. அந்த நேரத்தில் படகின் முன் இருக்கை காலியாக இருப்பது எனக்கு உறுத்தும். அவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அங்கே வந்து உட்கார்ந்துவிட்டால் போதும், எங்கள் சண்டை முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். எனக்கு அப்போது இருந்த பெரிய ஆசை அதுதான். பெரிய மீன்கூட இல்லை.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜை சனிக்கிழமையில் வந்தது. நல்ல பிள்ளையாக வீட்டில் இருந்து காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். காருக்கு வைத்தாள், படகை இழுக்கிற பிக்கப் வண்டிக்கு வைத்தாள். பிறகு கராஜுக்குள் போய்ப் படகின் முன்னால் நின்றாள்.

“இதுக்கும் போடணும்ல?”

“எதுக்கு?”

“இதுக்குத்தான். ரைஸ் குக்கருக்குப் பொட்டு வைக்கிறேன், உங்க கம்ப்யூட்டருக்கு வைக்கிறேன், இதை மட்டும் விட்டா எப்படி? தண்ணியில போற சாமான் வேற.” கிண்ணத்துச் சந்தனத்தை விரலால் குழைத்துக்கொண்டே சொன்னாள்: “நாளைக்கு விஜயதசமி. எதையும் ஆரம்பிக்க நல்ல நாள். நானும் வரேன்.”

“எங்க?”

“எங்கயாம்! ஏரிக்குத்தான். கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்கல்ல?”

எனக்குத் தலைகால் புரியவில்லை. கழுவின காரையே திரும்பக் கழுவினேன்.

பின்கட்டில் தொட்டிகளில் அவள் சாமந்தி வைத்திருந்தாள். டெக்ஸாஸ் கோடையில் சாமந்தியை உயிரோடு காப்பாற்றுவது லேசில்லை. நவராத்திரிக்கு வேண்டும் என்று ஜூன் மாதத்திலிருந்து காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி, மத்தியான வெயிலுக்குப் பழைய துப்பட்டாவைக் கட்டி நிழல் கொடுத்து வளர்த்தாள். அன்று அத்தனையையும் பறித்துவிட்டாள்.

“ஏங்க, நூல் தீர்ந்து போச்சு. உங்க தூண்டில் நரம்பு கொஞ்சம் குடுங்களேன்.”

புதுச் சுருளிலிருந்தே வெட்டிக் கொடுத்தேன். கொழுத்த பாஸ் தண்ணீருக்கு வெளியே எகிறித் தலையை உதறினாலும் அறாத நரம்பு அது. அதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். “அப்ப நம்ம மாலை எங்கயும் போகாது” என்று ஊசியில் கோத்தாள். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கட்டினாள். படகின் மூக்கில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் தொங்குகிற அளவுக்கு நீளம். மோட்டாருக்குச் சந்தனம், குங்குமம். ஸ்டீயரிங்குக்கு ஒரு பொட்டு. அந்தச் சிவப்பு ஜிகினாவின் மேல் மஞ்சள் சாமந்தியைப் பார்த்தால் ஐயனார் கோயில் குதிரை மாதிரி இருந்தது. எனக்குமே பிடித்திருந்தது. பொய் சொல்லக்கூடாது, ரொம்பவே பிடித்திருந்தது.

“படகைத் தூக்கிட்டுப் போய் சாமிகிட்ட வைக்க முடியாது. அதுக்குன்னு சின்ன சாமான் ஒண்ணு குடுங்க, புஸ்தகத்தோட வைக்கிறேன்” என்றாள்.

சுற்றுமுற்றும் பார்த்தேன். பித்தளையில் விரல் கனத்தில் ஒரு திருகு கண்ணில் பட்டது. எடுத்துக் கொடுத்தேன்.

“என்னங்க இது?”

“படகோட பிளக்.”

அவள் காருக்குள் இருக்கிற பிளக் போல ஏதோ ஒன்று என்று எடுத்துக்கொண்டாள். நானும் விளக்கவில்லை. இந்த மாதிரிப் படகுகளுக்குப் பின்பக்கம் அடியில், மோட்டாருக்குக் கீழே, ஒரு ஓட்டை இருக்கும். தரையில் நிற்கும்போது உள்ளே தேங்குகிற தண்ணீர் அதன் வழியாக வடியும். ஏரியில் இறக்குவதற்கு முன்னால் அதைத் திருகி அடைக்க வேண்டும். அடைக்கிற திருகுதான் இது. இதை மறந்தவனைப் பற்றிப் படகுத் துறையில் கதை கதையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதனால் எப்போதும் அதை பிக்கப்பில் காபி டம்ளர் வைக்கிற குழியில்தான் போட்டு வைப்பேன், கண்ணில் படட்டும் என்று.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில் புனர்பூஜை செய்து எடுக்கிற வரைக்கும் தொடக்கூடாது. ஞாயிறு விடியற்காலையில் அவள் எனக்கு முன்னால் எழுந்து, குளித்து, விளக்கேற்றி, பூஜையை முடித்து, எலுமிச்சை சாதமும் சுண்டலும் கட்டிவிட்டாள். சுடிதாரும் புது ஸ்னீக்கர்ஸும் போட்டுக்கொண்டு கைப்பையோடு வந்து நின்றாள்.

“வெச்ச சாமான் எல்லாம் எடுத்தாச்சா?” என்று கேட்டேன்.

“எடுத்தாச்சு, எடுத்தாச்சு. கிளம்புங்க.”

டிரெய்லர் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, கிளம்பினோம்.

ஃப்ரீவேயில் ஏறுகிற வரைக்கும் நான் ராஜாதான். ஏறிய பிறகுதான் சனியன் பிடித்தது. எங்களைத் தாண்டிப் போன ஒரு வண்டி வேகத்தைக் குறைத்து, கூடவே வந்து, உள்ளே இருந்தவர்கள் படகையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இன்னொருவன் ஹாரன் அடித்துக் கையை ஆட்டினான். நல்லெண்ணத்தில் ஆட்டினானோ என்னவோ, என் பின்கழுத்து சுட்டது. துறையில் நிற்கப்போகிற முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் அவர்கள் முன்னால் நான் பட்ட பாடு கொஞ்சமா? வலது பக்கம் திருப்பினால் அது இடது பக்கம் போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் காலியான ஸ்கூல் பார்க்கிங்கில் தன்னந்தனியாகப் பழகி, ஒரு வழியாக ஒரே மூச்சில் தண்ணீருக்குள் இறக்குகிற அளவுக்கு வந்திருந்தேன். இப்போதுதான் அவர்கள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தார்கள். தொப்பி, சட்டை, நடை எல்லாம் அவர்களைப் போலவே ஆக்கிக்கொண்டிருந்தேன். இப்போது மாலையும் குங்குமமுமாக எப்படிப் போய் நிற்பது?

பக்கத்தில் மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டு வந்தாள்.

பாதி வழியில் கேஸ் ஸ்டேஷனில் நிறுத்தினேன். அவள் பாத்ரூம் போனாள். அடுத்த பம்பில் படகோடு இரண்டு வண்டிகள் நின்றன. தொப்பி போட்ட இரண்டு பேர் எங்கள் படகைப் பார்த்தார்கள். சிரிக்கவில்லை. சும்மா பார்த்தார்கள். அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

சட்டைப் பையில் நரம்பு வெட்டுகிற குறடு இருந்தது. எடுத்தேன். லேசில் வெட்டுப்படவில்லை, இரண்டு மூன்று இடத்தில் வைத்து அழுத்த வேண்டியிருந்தது. மாலையைச் சுருட்டினேன். பம்புக்குப் பக்கத்தில் இருந்த குப்பைத் தொட்டியில், காபிக் கோப்பைகளுக்கு மேல் போட்டேன். முன்கண்ணாடி துடைக்க வைத்திருக்கிற ஸ்பாஞ்சை எடுத்துச் சந்தனத்தைத் தேய்த்தேன். அது வந்துவிட்டது. குங்குமம்தான் இழுத்துக்கொண்டு போய்ப் பட்டை பட்டையாகப் படிந்தது. திருடன் மாதிரி கடை வாசலைப் பார்த்துக்கொண்டே துடைத்தேன். தூ, இப்படி ஒரு பிழைப்பு.

அவள் இரண்டு கையிலும் காபியோடு வந்தாள். நின்றாள். படகைப் பார்த்தாள்.

“இங்க ஒரு ரூல் இருக்காம். டிரெய்லர்ல எதுவும் தொங்கக்கூடாதாம். போலீஸ் பிடிப்பான்” என்றேன்.

“ஓ” என்றாள். காபியை என்னிடம் கொடுத்தாள். ஏறி உட்கார்ந்துகொண்டாள். பிறகு அவள் பாடவில்லை.

துறையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வரிசையில் நின்று, தண்ணீருக்கு முன்னால் சாமான் சரிபார்க்கிற இடத்துக்கு வந்தேன். வழக்கமாக அந்த இடத்தில்தான் குனிந்து ஓட்டையை அடைப்பேன். குனியவும் செய்தேன். மோட்டாரின் அடியில் நான் பார்க்காமல் விட்ட குங்குமப் பொட்டு ஒன்று இருந்தது. பின்னால் நிற்கிறவன் பார்ப்பதற்குள் சட்டைக் கையால் அதைத் தேய்த்தேன். தேய்த்த இடத்துக்கு ஒரு ஜாண் கீழே ஓட்டை திறந்து கிடந்தது. என் கண் குங்குமத்தில் இருந்தது.

ஒரே ரிவர்ஸ். அழகாக இறக்கினேன். மனைவிக்கு லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, படகின் கயிற்றைக் கையில் கொடுத்தேன். “இதைக் கெட்டியா பிடிச்சுக்க. வண்டியை நிறுத்திட்டு வந்துடறேன், வந்ததும் ஏறலாம்.”

“விட்டா போயிடுமா?”

“நீ விடாத.”

பார்க்கிங் தூரம். நிறுத்திவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பாஸ் கூடுகிற ஒரு மூலை ஓடைக்கு அவளை முதலில் கூட்டிப்போகலாம் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். துறைப் பக்கம் சத்தம் கேட்டது. யாரோ கயிற்றை விடச் சொல்லிக் கத்தினார்கள். ஓடினேன்.

படகின் பின்பக்கம் தண்ணீருக்குள் போய்விட்டிருந்தது. மோட்டாரின் தலை மட்டும் தெரிந்தது. மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. என் மனைவி முழங்கால் வரைக்கும் தண்ணீரில், நீச்சல் தெரியாதவள், கயிற்றை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, இது கீழ போகுதுங்க! நான் விடலைங்க! நான் விடவே இல்ல!”

நாலைந்து பேர் தண்ணீரில் இறங்கினார்கள். ஒருவர் கயிற்றை வாங்கி அவளைக் கரையேற்றினார். வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார், பிளக் போட்டாயா என்று. சட்டைப் பையைத் தட்டினேன், பேன்ட் பையைத் தட்டினேன். பிக்கப்பில் காபிக் குழி காலியாக இருந்தது அப்போதுதான் கண்ணுக்குள் வந்தது. என் முகத்தைப் பார்த்தே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். மானம் கப்பலேறுவது என்பார்களே, எனக்கு அந்தக் கப்பலும் இல்லை.

“பிளக்கா?” என்றாள் மனைவி. கைப்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு சாமந்திப் பூவோடு, அந்தப் பித்தளைத் திருகு இருந்தது. “இதுவாங்க?”

தலையாட்டினேன்.

“தண்ணிகிட்ட வெச்சு உங்க கையில குடுக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன். அப்புறம் மாலையே வேண்டாம்னு எடுத்துட்டீங்களா, இதையும் எதுக்கு எல்லார் முன்னாடியும்னு பையிலயே விட்டுட்டேன். இது இல்லாம முழுகும்னு எனக்குத் தெரியாதுங்க.”

தாடிக்காரர் அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். இந்தச் சிவப்பு என்ன என்று கேட்டார். என்னிடம் இல்லை, அவளிடம். அவள் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள், நாங்கள் தொழில் சாமான்களைக் கும்பிடுகிற நாள் இது, படகுக்கும் பூஜை போட்டோம் என்று. அவர் தலையை ஆட்டினார். கடற்கரைப் பக்கம் அவர் பிறந்த ஊரில் வருஷா வருஷம் இறால் பிடிக்கிற படகுகளுக்கெல்லாம் பூ ஜோடித்து, பாதிரியார் வந்து தீர்த்தம் தெளிப்பாராம். அவருடைய அம்மா ராத்திரியெல்லாம் காகிதப் பூ செய்வாராம். நீங்கள் பூ வைக்கவில்லையா என்று கேட்டார்.

அவள் முகம் ஒரு நொடியில் மலர்ந்தது. “இருக்கு, இருக்கு, வண்டியில இருக்கு” என்று அவரிடம் சொல்லிவிட்டு, ஈர ஸ்னீக்கர்ஸும் ஈரச் சுடிதாருமாகப் பார்க்கிங்கைப் பார்த்து ஓடினாள். நான் கழற்றி பிக்கப்பின் பின்னால் பத்திரமாக வைத்திருப்பேன் என்று நம்பியிருந்தாள். எனக்கு அவளைக் கூப்பிடக்கூட நாக்கு எழவில்லை. அவள் வண்டியின் பின்பக்கம் எட்டிப் பார்ப்பது தூரத்தில் தெரிந்தது. பிறகு உள்ளே பார்த்தாள். சீட்டுக்குப் பின்னால் பார்த்தாள். மெதுவாக நடந்து வந்தாள்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். தாடிக்காரரிடம் திரும்பி, காற்றில் பறந்துவிட்டது, மன்னியுங்கள் என்றாள்.

அவர்கள் எல்லாரும் சேர்ந்து படகைத் திரும்ப டிரெய்லரில் ஏற்றிக் கொடுத்தார்கள். ஒருவர்கூடக் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். அடி ஓட்டை வழியாக ஏரித் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவள் கயிறு அறுத்த கையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தாள். கட்டி வந்த சாப்பாட்டை யாரும் பிரிக்கவில்லை.

ஃப்ரீவேயில் ஏறி வெகு நேரம் கழித்துக் கேட்டாள்.

“மாலைய எங்க போட்டீங்க?”

“கேஸ் ஸ்டேஷன்ல.”

“கேஸ் ஸ்டேஷன்ல எங்க?”

“குப்பைத் தொட்டியில.”

படகு முழுகினபோதுகூட அவள் அழவில்லை. இப்போது அழுதாள்.

“குப்பையிலயா போட்டீங்க? சாமிக்குப் போட்டதை யாராச்சும் குப்பையில போடுவாங்களா? தண்ணியிலதானேங்க விடணும்? நாம ஏரிக்குத்தானே போயிட்டு இருந்தோம்?”

அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, வந்த வழியே திரும்பி, அந்தக் கேஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். தொட்டியில் புதுப் பை மாட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு சிகரெட் பெட்டி மட்டும் கிடந்தது. கடைக்குள் போய்க் கேட்டேன். கடைக்குப் பின்னால் இருந்த பெரிய இரும்புக் குப்பைத் தொட்டியைக் கைகாட்டினான். அதில் ஏறிக் கறுப்புப் பைகளைப் பிரித்துப் பார்த்தேன், ஒன்று, இரண்டு, எத்தனை என்று தெரியவில்லை. தொப்பி கீழே விழுந்துவிட்டது. யார் யாரோ பார்த்தார்கள். அப்போது எனக்கு அந்த வெட்கம் வரவில்லை, பாருங்கள். வர வேண்டிய நேரத்துக்கு முன்னாலேயே முழுசும் வந்து தீர்ந்துவிட்டது போல. மாலை கிடைக்கவில்லை.

“வாங்க, போகலாம். நாறுது” என்றாள் ஜன்னல் வழியாக. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. சண்டையும் போடவில்லை. நான் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டேன். “சரி விடுங்க” என்றாள்.

படகைச் சரிசெய்தேன். அடுத்த சனிக்கிழமை, அதற்கடுத்த சனிக்கிழமை, கிளம்பும்போது “வரியா?” என்று கேட்டுப் பார்த்தேன். “நீங்க போயிட்டு வாங்க” என்பாள், நல்ல குரலில்தான். அது எனக்குத் தாங்கவில்லை. முன்பு திட்டுவாளே, அதுவே தேவலை. மறு வருஷம் அவள் சாமந்தி வைக்கவில்லை. வசந்தம் பிறந்து, பாஸ் கரையோரம் ஏறிவருகிற அருமையான சீசனில், படகை விற்றுவிட்டேன். முன் இருக்கையில் கடைசி வரைக்கும் அவள் உட்காரவில்லை.

இப்போது அது எங்கள் வட்டாரத்தில் பிரபலமான கதை. பார்ட்டியில் யாராவது, “ஆன்ட்டி, அந்தப் படகுக் கதை சொல்லுங்களேன்” என்பார்கள். அவள் நன்றாகச் சொல்வாள். பிளக்கைச் சாமிக்கு வைத்தது, பைக்குள் பொட்டலம் கட்டினது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினது, எல்லாம் வரும். “நான்தான் முழுகடிச்சேன், இவரு பாவம்” என்று முடிப்பாள். கூடம் விழுந்து விழுந்து சிரிக்கும். கேஸ் ஸ்டேஷன் மட்டும் அந்தக் கதையில் கிடையாது. அந்த இடம் நெருங்கும்போது நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படித்தான் ஒரு தடவை, புதிதாக ஊருக்கு வந்திருந்த பையன் ஒருவன், அவனும் என்னை மாதிரி ஏரிப் பைத்தியம், கேட்டான்: “படகுக்கு மாலை போடலையா ஆன்ட்டி?”

“போட்டோமே. தூண்டில் நரம்புல நானே கட்டினேன். வழியில காத்துல அறுந்து பறந்துடுச்சு.”

அவன் சிரித்தான். “தூண்டில் நரம்பா? அது காத்துக்கெல்லாம் அறாதே ஆன்ட்டி.”

“அன்னிக்கு அறுந்துடுச்சுப்பா” என்றாள். எழுந்து என் தட்டில் இன்னும் கொஞ்சம் சாதம் போட்டாள்.